ஏழு மணிக்கும் பால் பை கேட்டிலேயே தொங்கினால்

தம்பி, உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு 76 வயது. சேலம் அழகாபுரத்தில் சொந்த வீடு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் பெங்களூரில், தங்கை துபாயில். அம்மாவை உங்களோடு அழைத்துப் போனீர்கள். பதினெட்டே நாளில், "பன்னிரண்டாவது மாடியில உட்கார்ந்து யாரைப் பார்க்கிறது" என்று திரும்பிவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள முதியோர் குடியிருப்புக்கும் வர மாட்டேன் என்கிறார். வீட்டில் கேமரா வைத்துவிட்டீர்கள். தெருவில் இன்னும் ஏழெட்டு வீட்டில் இதே நிலைமை. எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா, முடியும் என்றால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள்.

முடியும். நான் அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் நாற்பத்துச் சொச்சம் வீடுகள்; அதில் பதினான்கு வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான். எட்டு வருடமாக நாங்கள் ஒன்று செய்து வருகிறோம். சங்கம் என்று சொல்ல முடியாது, பெயர்கூடக் கிடையாது. சரியாக வந்ததையும் சொதப்பியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் அம்மா எழுந்து கதவைத் திறக்கவில்லை என்றால் அது யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரியவரும்? பெங்களூரில் இருக்கிற உங்களுக்கு அல்ல, அங்கே போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒருவருக்கு. பதில் "பத்து மணிக்கு வேலைக்கு வருகிற அக்காவுக்கு" என்றால், அந்த அக்கா லீவு போடுகிற நாளில் பதில் என்ன?

எங்களுக்கு இந்தக் கேள்வி புத்தியில் உறைத்தது ஒரு டீச்சரம்மாவால். என் பக்கத்து வீடு. விடியற்காலை நான்கு மணிக்கு பாத்ரூம் போனவர் ஈரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. ஃபோன் கட்டில்மேல் இருந்தது. மகன் வெளிநாட்டில், அவர் வைத்திருந்த கேமரா ஹாலையும் கேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அன்று ஊரில் ஒரு விசேஷம். பதினோரு மணிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் வெகுநேரம் மணி அடித்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, "பக்கத்து வீட்டம்மா ஊர்ல இல்லையாக்கா?" என்றான். ஏழு மணி நேரம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான் காபி குடித்து, பேப்பர் படித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

விழுவதைவிட விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் பல நேரம் ஆளைச் சாய்க்கிறது. ஒரே பக்கமாக மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். படுக்கைப்புண் ஆரம்பித்துவிடும். தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றும். பக்கவாதம் என்றால் கதையே வேறு: இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் மருத்துவமனைக்குப் போய், ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அதனால்தான் "யார் கவனிப்பார்கள்" என்பதோடு "எத்தனை மணிக்குள்" என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன்.

டீச்சரம்மா பிழைத்தார். வாக்கர் வைத்து நடக்கிறார். அவர் மருத்துவமனையில் இருந்த வாரத்தில்தான் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பேசினோம். என்னென்னவோ யோசனை வந்தது. கடைசியில் நிலைத்தது பால் பை.

எங்கள் தெருவில் கேட்டில் ஒயர் கூடையோ துணிப்பையோ தொங்கும். ஐந்தரைக்கு ஆவின் பாக்கெட் போட்டுவிட்டுப் போவார்கள். ஏழு மணிக்குப் பிறகும் பாக்கெட் அந்தப் பையிலேயே இருந்தால், எதிர் வீட்டுக்காரர் ஃபோன் செய்ய வேண்டும். எடுக்கவில்லை என்றால் போய் மணி அடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பதில் இல்லை என்றால் சாவி. இவ்வளவுதான் விதி. யாரும் யாருக்கும் தினமும் ஃபோன் செய்து நலம் விசாரிக்க வேண்டியதில்லை. அதெல்லாம் ஒரு மாதம் நடக்கும், அப்புறம் இரண்டு பக்கமும் அலுத்துவிடும். பால் பையைப் பார்ப்பது அலுக்காது. எப்படியும் கண்ணில் படுவதுதானே. ஊருக்குப் போகிறவர் பாலை நிறுத்தும்போதே எதிர் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் இதை மறந்துவிட்டுப் போய் எங்களை ஓட வைத்தவர்கள் நான்கு பேர். அதில் நானும் ஒருத்தி.

கோலத்தை வைத்துக் கவனிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். முட்டி வலி வந்தபிறகு பாதி வீட்டில் ஸ்டிக்கர் கோலம்தான், தம்பி. அது ஆள் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கும்.

சாவி விஷயத்தில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். ஆளாளுக்கு மாற்றுச் சாவி செய்து பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தோம். மூன்றாவது மாதம் ஒரு தாத்தா காலையில் பாலை எடுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினால் உள்ளே மேல் தாழ், கீழ் தாழ், நடுவில் ஒரு சங்கிலி. வெளிச் சாவி என்ன செய்யும்? அவர் காது மெஷினைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. அடுத்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து சாவியால் திறக்கிற பூட்டை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதவுக்கு மட்டும் போட்டோம். இரவில் அந்தக் கதவுக்குத் தாழ் போடக்கூடாது. பயப்படுகிறவர்களுக்கு அதன் வெளிப்பக்கம் ஒரு கிரில் கேட், அதற்கும் மாற்றுச் சாவி. பாத்ரூம் கதவுக்கு உள்தாழே வேண்டாம். தனியாக இருக்கிறவருக்கு எதற்கு? விருந்தாளி வந்தால் சங்கடம் என்பார் உங்கள் அம்மா. வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. விழுந்தவர் கதவுமேலேயே சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது.

சரி, தெருக்காரர்களைச் சேர்ப்பது எப்படி? இங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள், நாங்களும் விட்டோம். "மூத்தோர் உதவிக் குழு, ஆலோசனைக் கூட்டம்" என்று நோட்டீஸ் அடித்து நாற்பது வீட்டுக்கும் கொடுத்தேன். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அடுத்தவர்களுக்கு உதவி செய்ய வந்திருப்பதாகவும் தனக்கு எதுவும் தேவையில்லை என்றும் மூன்று முறை சொன்னார். அவருக்கு வயது 81. எனக்கு உதவி வேண்டும் என்று கை தூக்கிச் சொல்ல நம் ஊரில் யார் வருவார்கள்? ஆயுள் முழுக்க அடுத்தவருக்குப் பரிமாறி வளர்ந்தவர்கள். கையேந்துகிற மாதிரி ஒரு நிமிடம் தோன்றினால் போதும், கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் நோட்டீஸ் இல்லை. புதன்கிழமை காலை பிள்ளையார் கோயில் திண்ணையில் பி.பி. கருவியோடு உட்கார்ந்தேன். பதினேழு பேர் வந்தார்கள். பி.பி. பார்க்க இரண்டு நிமிடம், பேச்சு ஒரு மணி நேரம். யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, யாருக்கு இரவில் தலை சுற்றுகிறது, யார் வீட்டில் மகள் பேசுவதே இல்லை, எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. இரவில் எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள் என்று அங்கேயே சொன்னேன். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள்.

அதோடு ஒவ்வொருவரிடமும் ஒரு வேலை கேட்டேன். இதுதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தெரு முழுக்கக் கரண்ட் பில், சொத்து வரி எல்லாம் ஃபோனில் கட்டித் தருகிறார். டீச்சரம்மா வாக்கரோடு உட்கார்ந்தபடியே வாடகை வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அதே பிள்ளைகள்தான் அவருக்கு மாத்திரை வாங்கி வருகிறார்கள். 81 வயதுக்காரர் சாவிப் பொறுப்பு. எந்தச் சாவி எந்த வீட்டில் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அதை யாருக்கும் காட்டமாட்டார், எனக்கும்கூட. மாலையில் யாராவது தட்டுவடை செட் வாங்கிவந்தால் காரச் சட்னி போதவில்லை என்று கடைக்காரனைத் திட்டுவதற்கே நான்கு பேர் கூடுவார்கள். அதுவும் கணக்கில் சேரும். உங்கள் அம்மாவுக்கு என்ன நன்றாக வரும்? ஊறுகாயா, பூத்தொடுப்பதா, ஜாதகம் பார்ப்பதா, யார் வீட்டுச் சண்டையையும் தீர்த்துவைப்பதா? அதைத்தான் முதலில் தெருவுக்குக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கிற கையாக இருந்தால் வாங்கவும் கூச்சப்பட மாட்டார்.

இங்கே சேலத்துக்குள்ளேயே உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்தபோது அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் நெசவாளர் தெருக்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றால் அடுத்த வீட்டில் "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று குரல் வரும். வசதி குறைவு, பாத்ரூம் மோசம், ஆனால் அங்கே ஒரு பாட்டி ஏழு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் தரையில் கிடக்க முடியாது. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் மாதிரி இடங்களில் நல்ல டைல்ஸ் போட்ட வீடு, ஆறடி காம்பவுண்டு சுவர், உள்ளே டி.வி. சத்தம். பணம் சேர்ந்தபோது சுவரையும் சேர்த்தே எழுப்பிக்கொண்டோம்.

இது என் கற்பனை இல்லை. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பெரிய வெப்ப அலை வந்து எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள். அடுத்தடுத்த இரண்டு வட்டாரங்கள்: இரண்டும் ஏழைகள் வாழ்கிற பகுதி, இரண்டிலும் தனியாக வசிக்கிற முதியவர்கள் நிறைய. ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்றால், இறப்பு குறைவாக இருந்த பக்கத்தில் கடை கண்ணி இருந்தது, நடைபாதையில் கூட்டம் இருந்தது, வயதானவர்கள் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மற்றதில் கடைகள் மூடி, மனைகள் காலியாகி, பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

நம் ஊரிலும் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். கான்கிரீட் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் கொதிக்கும். வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் வேறு இருப்பார்கள். அதனால் கத்திரி நாட்களில் மட்டும் எங்களுக்குக் கூடுதலாக ஒரு விதி: பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சுற்று ஃபோன். "மோர் குடிச்சீங்களா?" அவ்வளவுதான். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடனே நேரில் போகிறோம். கீழ்த்தளத்தில் குளிர்ச்சியான வீடு உள்ள இரண்டு பேர் மதியம் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பாயைப் போட்டுப் படுக்கலாம்.

வெளியூர் முன்மாதிரி என்று தேடினால் இரண்டைச் சொல்வேன். பாஸ்டன் நகரத்தில் பீக்கன் ஹில் என்ற பகுதியில், வீட்டை விட்டுப் போக விரும்பாத அண்டை வீட்டார் சிலர் சேர்ந்து 2002இல் ஓர் அமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். வருடச் சந்தா கட்டினால் ஒரே ஃபோன் எண். நம்பகமான பிளம்பர், டாக்டரிடம் கூட்டிப்போக ஆள், மாலையில் கூடிப் பேச இடம் எல்லாம் அதில் கிடைக்கும். அதைப் பார்த்து அந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் அப்படி வந்துவிட்டன. அந்த ஒரே எண் யோசனை நமக்கும் ஆகும். சந்தா ஆகாது, பணம் வந்தால் பின்னாலேயே சண்டை வரும். இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிற சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு நர்ஸோடு அனுப்புகிறார்கள். செவிலியராக நான் பொறாமைப்படுவது அதைப் பார்த்துத்தான்.

அரசாங்கத்தில் கிடைப்பவை நிறைய இருக்கின்றன, கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து நடக்கிறது, சர்க்கரை, பி.பி. மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லிவிட்டது. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றை நவம்பரில் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்துப் பதிந்து தருவார், சின்னக் கட்டணம் உண்டு. முதியோருக்கான இலவச உதவி எண் 14567. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. அவசரத்துக்கு 108. இந்த எண்களோடு எதிர் வீட்டு எண், இரத்த வகை, சாப்பிடுகிற மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு அந்த ஒரு காகிதம் எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கச் சொல்வார்கள். எங்களிடமும் இருக்கிறது, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் நூறு வரும். அதனால் இரண்டாவதாக ஒன்று ஆரம்பித்து, "அவசரம் மட்டும்" என்று பெயர் வைத்து, வணக்கம் போட்டவரை எச்சரிக்கை இல்லாமல் நீக்கிவிடுகிறோம். என் சொந்த நாத்தனாரை நீக்கியிருக்கிறேன்.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் தெருவில் யாரிடமும் கொடுக்கக்கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மருந்து வாங்கிவருகிற பிள்ளைக்கு ரசீதோடு கணக்கு. வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிக் காரில் ஏற்றத் தெம்பு உள்ளவர்கள் அவர்கள்தான். தெரு முனை ஆட்டோ அண்ணனும், இஸ்திரி போடுகிறவரும், வேலைக்கு வருகிற அக்காக்களும் இதில் ஆட்கள்தான். யாரை வீட்டுக்குள் விடுவது என்று சாதி பார்த்து முகம் சுளித்தவர்களும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களைத் திருத்த நான் போகவில்லை. விழுந்தபோது தூக்கியவர் யார் என்று பார்த்தபிறகு ஒருவர் தானாகவே மாறினார், இன்னொருவர் மாறவே இல்லை.

இன்னொரு வாசகர் தன் பெற்றோரை ஏற்காடு மலையில் வீடு வாங்கிக் குடிவைக்கலாமா என்று கேட்டிருந்தார், அதற்கும் இங்கேயே பதில். காற்று நல்லது, மனசுக்கும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய மருத்துவமனை முப்பது கிலோமீட்டர் கீழே, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி. மழைக்காலத்தில் இரவு பனிமூட்டம் இறங்கினால் ஆம்புலன்ஸும் ஊர்ந்துதான் வர வேண்டும். எஸ்டேட் நடுவே தனி பங்களாவைவிட, ஊருக்குள் கடைத்தெரு பக்கம் நான்கு வீட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன வீடு மேல். வருடத்தில் வெயில் மாதங்களை மட்டும் அங்கே கழிக்கலாம்.

தெருவால் முடியாததும் உண்டு. மறதி நோய் முற்றி அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விடுகிறவர், படுக்கையிலேயே எல்லாம் ஆகிறவர், இரவு முழுக்க ஆள் வேண்டியவர்: இவர்களை அக்கம்பக்கம் தாங்காது. சம்பளத்துக்கு ஆள் வேண்டும், இல்லை நீங்கள் வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அம்மாவை ஆறு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பார்த்துக்கொண்ட இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். அவருடைய பிள்ளைகளுக்கு அது வசதியாகப் போய்விட்டது என்பதை இப்போதும் கசப்போடுதான் நினைக்கிறேன். அப்புறம் நாங்களே ஃபோன் செய்து, இனி முடியாது, வந்து முடிவு எடுங்கள் என்றோம். நீங்கள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த முறை மூன்று நாள் லீவு போட்டு வாருங்கள். முதல் நாள் ஆசாரியும் பிளம்பரும்: பூட்டு, பாத்ரூம் கைப்பிடி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, வழுக்குகிற மிதியடியைத் தூக்கிப் போடுவது. இரண்டாவது நாள் அம்மாவோடு எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போங்கள். வெறுங்கையோடு வேண்டாம், அம்மா செய்த ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். நீங்கள் பேசாதீர்கள். நீங்கள் பேசினால் "பையன் நம்மை வாட்ச்மேன் ஆக்கப் பார்க்கிறான்" என்று தோன்றும். அம்மா பேசட்டும், அதுவும் இப்படி: "உங்க வீட்டுப் பாலை நான் பார்த்துக்கறேன், என் வீட்டுப் பாலை நீங்க பாருங்க." மூன்றாவது நாள் சும்மா வீட்டில் இருங்கள். ஆடி மாதமாகப் பார்த்து வந்தால் இன்னும் சுலபம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் தெருவில் கூழ் ஊற்றும்போது எல்லா வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கும், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரே நடையில் தெரிந்துவிடும்.

கேமரா இருக்கட்டும், கழற்ற வேண்டாம். அதை அம்மாவின் அறைப் பக்கம் திருப்பாமல், பால் பை தொங்குகிற கேட் பக்கமே வையுங்கள்.